தீ இருக்க வேண்டிய இடம்

கண்ணாடி அடுப்பு உடைந்து ரிப்பேருக்கு வரும்போது கூடவே ஒரு பேச்சும் வரும்: "ஒண்ணுமே பண்ணலண்ணா, சும்மா இருந்துச்சு, டப்புன்னு வெடிச்சிடுச்சு." கொடுங்கையூரில் முத்தமிழ் நகரானாலும் சரி, கண்ணதாசன் நகர், எழில் நகரானாலும் சரி, இதையேதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெடித்த அந்த நிமிஷத்தில் யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். செய்ததெல்லாம் அதற்கு முன்னால், மாதக்கணக்கில், பெரும்பாலும் சுத்தம் பண்ணுகிறேன் என்ற பேரில் நடந்திருக்கும்.

நான் முதலில் உடைந்த கண்ணாடியைப் பார்க்க மாட்டேன். அடுப்பைக் கவிழ்ப்பேன். கேஸும் காற்றும் கலக்கிற மிக்ஸிங் டியூபின் வாயில் தீ நக்கிய தடம் இருக்கிறதா, அடித்தகட்டில் கரி ஏறியிருக்கிறதா, பர்னர் உட்காரும் கிண்ணம் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். அடுப்பில் தீ இருக்க வேண்டியது பர்னரின் ஓட்டைகளுக்கு மேலே, பாத்திரத்துக்குக் கீழே. அந்த இடத்தை விட்டு அது நகர்ந்தால் கண்ணாடி தாங்காது. கண்ணாடி அடுப்பைப் பராமரிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். பளபளப்பு அப்புறம்.

நான் தொழில் பழகினது பம்பு ஸ்டவ்வில். வியாசர்பாடியில் ஒரு பெரியவரிடம் இருந்தேன். ரேஷன் மண்ணெண்ணெய் எரிந்த காலம். ஸ்டவ் பின் இல்லாத வீடு கிடையாது. நாசில் அடைத்தால் பின்னைக் குத்து, தீ சீறும், சமையல் நடக்கும். 2006 தேர்தலில் சொன்ன இலவச கேஸ் அடுப்பு 2007 தொடக்கத்தில் கொடுக்க ஆரம்பித்ததும் எங்கள் ஏரியாவில் பம்பு ஸ்டவ்கள் பரணுக்கும் காயலான் கடைக்கும் போயின. நானும் கேஸுக்கு மாறினேன். அதற்குச் சில வருஷம் கழித்து கண்ணாடி அடுப்பு வந்தது. தவணையில் வாங்கினார்கள், கல்யாணச் சீரில் வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடியில் பூப் போட்ட அடுப்பு கடப்பாக் கல் மேடையில் உட்கார்ந்ததும் அடுக்களைக்கே ஒரு களை வந்துவிட்டது.

அடுப்பு மாறியது, கை மாறவில்லை. எவர்சில்வர் அடுப்பை எப்படிக் கழுவினார்களோ அப்படியே கண்ணாடியையும் கழுவினார்கள். வியாழக்கிழமை ராத்திரி சமையல் முடிந்த கையோடு சபீனாவும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து, ஒரு சொம்புத் தண்ணியை மேலே ஊற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் குங்குமம் வைப்பது நம் ஊர் வழக்கம். எவர்சில்வருக்கு அது பொருந்தியது. தண்ணி வழிந்தோடிவிடும், கீறல் விழுந்தாலும் கேடில்லை. கண்ணாடிக்கு இந்த இரண்டுமே ஆகாது.

கேஸ் அடுப்பில் வருவது டஃபண்ட் கிளாஸ். சாதாரணக் கண்ணாடியை வேண்டிய அளவுக்கு வெட்டி, துளை போட்டு, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வெளியே எடுத்ததும் இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிர்விப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாக ஆறிச் சுருங்கும்போது அந்தத் தோலை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். இந்த இழுவைதான் அதன் பலம். சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு அடி தாங்கும். இழுத்துக் கட்டிய கயிற்றுக் கட்டில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் அறுந்தால் மொத்தமும் தளர்ந்துவிடும். அதனால்தான் இது விரிசல் விட்டு நிற்பதில்லை. உடைந்தால் கல்கண்டு அளவில் ஆயிரம் துண்டாகச் சிதறும். நீள நீளமாகக் கத்தி போலத் தெறிக்காமல் இப்படி உதிர்வது நமக்கு நல்லது. ஆனால் பக்கத்தில் கொதிக்கும் பாலிலும் அது விழும், அந்தப் பாலைக் கொட்டத்தான் வேண்டும். வடிகட்டிக் குடிக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு.

நடுக்கண்ணாடியில் கரண்டி விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓரத்தில், பர்னர் துளை விளிம்பில், நாப் துளை விளிம்பில் இட்லிப் பானையின் அடி இடித்தால் ஆகும். அன்றைக்கே உடைய வேண்டும் என்றும் இல்லை. அங்கே விழுந்த சின்னப் பொளிவு, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு, ஒரு நாள் ராத்திரி எல்லாரும் தூங்கும்போது வேலையைக் காட்டும். கம்பி நார் கீறலும் இதே கணக்குதான். ரொம்ப அபூர்வமாக, கண்ணாடி செய்யும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்பைடு துகள் வருஷம் கழித்து உப்பி உடைப்பதும் உண்டு. அதற்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை. ஆனால் என்னிடம் வருகிற உடைந்த அடுப்புகளில் அடியில் கரி இல்லாதவை குறைவு.

எழில் நகரில் ஒரு அக்கா. மீன் வறுவல் செய்யாத நாள் கிடையாது. தினமும் வேலை முடிந்ததும் ஒரு மக் தண்ணியை எடுத்து அடுப்பு மேல் வீசிவிடுவார். நாப் இறுகிப்போச்சு என்று கூப்பிட்டிருந்தார். கழற்றினால் உள்ளே கேஸைத் திறந்து மூடுகிற காக்கில் கிரீஸே இல்லை, சோப்புத் தண்ணி எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

"யக்கா, தண்ணி ஊத்தாதீங்க."

"ஊத்தாம எப்டிப்பா, மீன் நாத்தம் போவாணாமா?"

நியாயமான கேள்வி. அவருக்குச் செய்து காட்டியதையே எல்லாருக்கும் சொல்கிறேன். முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பு ஆறட்டும். ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பர்னர் துளைக்குப் பக்கத்தில் கண்ணாடிமேல் புறங்கையை வைத்துப் பாருங்கள், அங்கேதான் சூடு கடைசிவரை நிற்கும். சுடும் கண்ணாடியில் ஈரத்துணி போடுவதைவிடக் கொஞ்ச நேரம் வெளியே காற்று வாங்கப் போகலாம். பிறகு பான் சப்போர்ட்டையும் தட்டையும் எடுத்து சிங்க்கில் போட்டு எப்படி வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளுங்கள், அது இரும்பு, தாங்கும். கண்ணாடிக்கு மட்டும் பாத்திரம் கழுவும் லிக்விட் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய பனியன் துணி. துணியை முக்கி நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டில் வைத்திருந்தால் துணியில் அடியுங்கள், அடுப்பில் அடிக்காதீர்கள். நாப் இடுக்கிலும் பர்னர் துளையிலும் இறங்குகிற தண்ணி கண்ணுக்குத் தெரியாது. லைட்டர் இல்லாமல் தானாகப் பற்றுகிற அடுப்பாக இருந்தால் அதன் ஒயரும் அங்கேதான் இருக்கிறது.

காய்ந்துபோன குழம்பு, பொங்கிய பால், வெல்லப் பாகு, இதையெல்லாம் சுரண்டக் கூடாது. ஊறவிட வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியை, கண்ணாடி ஆறின பிறகு, அந்த இடத்தில் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் முக்கால்வாசி வந்துவிடும். மிச்சத்துக்கு ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணியில் குழைத்துப் பூசி, துணியால் தேய்த்தால் போதும். இப்போது போனில் வருகிற வீடியோவில் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றி நுரை வரவைக்கிறார்கள். நுரை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று காரம், ஒன்று புளிப்பு. சேர்ந்தால் இரண்டின் சக்தியும் அங்கேயே தீர்ந்துபோகும். தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புக் கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை. டாய்லெட் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அடுக்களைக்குள் வரவே வேண்டாம். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. எங்கள் பக்கத்து அடுக்களைகளில் ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம்.

உப்புக் கறை என்றேனே, அது இங்கே தனிச் சங்கதி. போர் தண்ணியில் துடைத்துவிட்டு அப்படியே விட்டால் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். 2010இல் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கும் நிலையம் வந்த பிறகு வடசென்னைக்குத் தண்ணி கூடியது உண்மை, ஆனால் அதைக் குடத்தில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்கிறார்களே ஒழிய அடுப்புத் துடைக்க யார் செலவழிப்பார்கள்? கடைசியாக ஒரு தடவை காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் போர் தண்ணியானாலும் கறை நிற்காது.

கண்ணாடி துடைப்பது இவ்வளவுதான். ஜனங்கள் இத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு வேலை கொண்டுவருவது இதற்கப்புறம்தான்.

பர்னர். பித்தளை பர்னரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் தட்டி, துளைகளைப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் வெந்நீரில் புளியும் கொஞ்சம் உப்பும் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப் போட்டால், காலையில் குத்துவிளக்குத் தேய்த்த நிறத்துக்கு வந்துவிடும். சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணியில் போடக் கூடாது. வெயிலில் நன்றாகக் காய வேண்டும். துளைக்குள் தண்ணி நின்றால் தீ துப்பித் துப்பி எரியும்.

இனித் திருப்பி வைப்பது. பர்னரின் அடியில் ஒரு வளையம் இருக்கும், அது மிக்ஸிங் டியூபின் மேல்கிண்ணத்துக்குள் இறங்கி உட்கார வேண்டும். சில அடுப்பில் ஒரு சின்னக் காடி இருக்கும், எதிரே ஒரு முனை இருக்கும், இரண்டும் சேர வேண்டும். வைத்த பிறகு பர்னரின் தலையில் இரண்டு விரலை வைத்து லேசாக வலமும் இடமும் திருப்பிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தது வழுக்கிக்கொண்டு திரும்பும், அல்லது காடியில் மாட்டி நிற்கும். எப்படியானாலும் ஆடாது. சரியாக உட்காராதது ஒரு பக்கம் தட்டும். காது கொடுத்தால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தத் தட்டல்தான் இடைவெளி. காலையில் பால் வைக்கிற அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. கேஸ் வந்ததும் மேல் துளை வழியாக வரவேண்டியதில் கொஞ்சம் அந்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் வரும், பற்றும், படுக்கைவாட்டில் எரியும். பகல் வெளிச்சத்தில் நீலத் தீ கண்ணுக்குத் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பர்னருக்கு இடுப்பில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அந்த நாக்கு கண்ணாடித் துளையின் விளிம்பைச் சுட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடியின் ஒரு பகுதி கொதிக்க, ஒரு சாண் தள்ளி இருப்பது குளிர்ந்திருந்தால், அந்த வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டும்போது உடையும். 'சும்மா இருந்துச்சு' என்ற பேச்சின் அடியில் பெரும்பாலும் இதுதான்.

பர்னர்களை மாற்றிப் போடுவதும் உண்டு. வலது பர்னர் இடது கிண்ணத்தில் உட்காரும், ஆனால் வருஷக்கணக்கில் தேய்ந்த கிண்ணமும் பர்னரும் அதது ஜோடியோடு இருப்பதே நல்லது. கழற்றும்போது அடியில் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பித்தளைக்குக் கீறல் பரவாயில்லை.

பம்பு ஸ்டவ் காலத்துப் பின் இன்னும் சில வீட்டில் இருக்கிறது. தீ குறைந்தால் அதை எடுத்து ஜெட்டில் குத்துகிறார்கள். ஜெட் என்பது மிக்ஸிங் டியூபின் வாய்க்கு முன்னால் இருக்கிற பித்தளைத் துண்டு, நடுவில் ஊசிமுனைத் துளை. வீட்டு ரெகுலேட்டர் அனுப்புகிற 30 மில்லிபார் அழுத்தத்துக்கு எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த துளை அது. பின்னால் குடைந்தால் துளை பெரிதாகும், கேஸ் அதிகம் போகும், காற்று போதாது, தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும். கரியைப் பார்த்து பர்னர் அழுக்கு என்று மறுபடி கழுவுவார்கள், மறுபடி குத்துவார்கள். குடைந்த ஜெட்டை மாற்றத்தான் வேண்டும், சரிசெய்ய முடியாது.

மிக்ஸிங் டியூப் அடைத்தாலும் ஆபத்து. கரப்பான், சிலந்தி வலை, பொங்கி வழிந்து உள்ளே இறங்கிக் காய்ந்த கஞ்சி. கேஸ் மேலே போக வழியில்லாமல் ஜெட் வாயிலேயே பற்றி எரியும். மேலே தீ சிறுத்திருக்கும், அடியில் படபடவென்று சத்தம் வரும். அப்படிக் கேட்டால் ஊதிப் பார்க்காதீர்கள், தண்ணி தெளிக்காதீர்கள். நாப்பை மூடி, ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, ஆறவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். அடுப்புக்கு அடியில் கறை படியாமலிருக்க நியூஸ் பேப்பரோ பிளாஸ்டிக் விரிப்போ போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அடியில் தீ பற்றுகிற அடுப்பும் அடியில் பேப்பரும் ஒரே மேடையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். பர்னரைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டுவதும் அதே ரகம். கண்ணாடி அழுக்காகாது என்று விற்கிறார்கள். அது சூட்டைத் தேக்கும், காற்றை மறிக்கும்.

பாத்திரத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தம் போடும்போது அடியில் தடிமனான தோசைக்கல், மேலே அண்டா, அதற்கு மேலே கனமாக ஏதாவது. சுவை நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பர்னரைவிடப் பெரிய கல் முக்கால் மணி நேரம் சூட்டைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கிறது, தீ கல்லின் அடியில் மோதி பக்கவாட்டில் பரவுகிறது. இரண்டு பர்னரையும் மூடுகிற நீளக் கல் இன்னும் மோசம். தம்முக்கு ஒரு எவர்சில்வர் அடுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். என் வீட்டில் எல்லாவற்றுக்குமே எவர்சில்வர்தான்.

தைப்பொங்கல் முடிந்த வாரம் எனக்கு நல்ல வேலை. வாசலில் பொங்கல் வைக்க இடமில்லாத வீடுகளில் கேஸ் அடுப்பில்தான் வைக்கிறார்கள். பால் பொங்கி வழிந்தாக வேண்டும். வழியவில்லை என்றால் மனசு ஒப்பாது. வழிகிற பால் சூடானது, அதனால் கண்ணாடி உடையாது. 'பொங்கலோ பொங்கல்' சொன்ன வாயோடு குளிர்ந்த ஈரத்துணியை எடுத்துத் துடைக்கிறார்களே, அதில்தான் உடையும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பால் பர்னரில் இறங்கித் தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். சில வெளிநாடுகளில் தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் அமைப்பு அடுப்பிலேயே கட்டாயம். நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான அடுப்பில் அது கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், எத்தில் மெர்காப்டன் கலந்திருப்பதால் மூக்குக்குத் தெரியும். ஆனால் பொங்கல் அன்று சாம்பிராணியும் ஏலக்காயும் நெய்யும் அதை மறைத்துவிடும். பால் மேலே வரும்போதே தீயைச் சிம்மில் வையுங்கள், வழிந்ததும் குனிந்து எரிகிறதா என்று பாருங்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு 1906க்குப் போன் செய்யுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடி, இதுவரை சொன்ன டஃபண்ட் இல்லை, வேறு இனம். 1953இல் அமெரிக்காவில் கார்னிங் கம்பெனி ஆய்வாளர் டொனால்ட் ஸ்டூக்கி உலையில் தவறுதலாக அதிகச் சூட்டில் விட்ட கண்ணாடி, உருகாமல் பீங்கான் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் இது. சூட்டில் விரிவது மிகமிகக் குறைவு. ஆனால் அடி பட்டால் விரிசல் விடும், விரிசல் விட்ட இண்டக்‌ஷனில் தண்ணி உள்ளே போனால் ஷாக். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஓரங்கட்டுங்கள்.

கேஸ் அடுப்புக் கண்ணாடி உடைந்துபோனால் என்ன செய்வது? செருப்புப் போட்டுக்கொண்டு, ரெகுலேட்டரை மூடிவிட்டு, துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டி, கெட்டியான சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, உள்ளே கண்ணாடி என்று தூய்மைப் பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் சும்மா கொட்டினால் அது எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். பல பத்தாண்டுகளாக வடசென்னைக் குப்பை கொடுங்கையூர்க் கிடங்குக்குத்தான் வருகிறது. அதில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்குகிறவர்களின் கையில் கிழிவது நம் வீட்டுக் கண்ணாடி. காயலான் கடைக்காரர் பித்தளை பர்னரையும் இரும்பையும் எடை போட்டு எடுத்துக்கொள்வார், டஃபண்ட் கண்ணாடியை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்.

"மூலக்கடைல கண்ணாடிக் கடையில அளவு குடுத்து வெட்டி வாங்கிப் போட்டுக்கலாமாண்ணா?" என்று கேட்பார்கள். கூடாது. கடையில் வெட்டித் தருவது சாதாரணக் கண்ணாடி. டஃபண்ட் ஆன பிறகு எந்தக் கடையாலும் வெட்ட முடியாது, வெட்டினால் அங்கேயே உதிர்ந்துவிடும். சாதாரணக் கண்ணாடி அடுப்பில் ஒரு நாள்கூடத் தாங்காது, உடையும்போது கத்தி மாதிரி நீளத் துண்டாக வரும். அதே மாடலுக்கான கண்ணாடி கம்பெனி சர்வீஸில் கிடைத்தால் வாங்கி வாருங்கள், மாட்டித் தருகிறேன். கிடைக்காவிட்டால் புது அடுப்புதான். ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேலே ஐஎஸ் 4246 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் டியூபில் அச்சடித்திருக்கிற தேதியையும் பாருங்கள், சுரக்‌ஷா டியூபானாலும் ஐந்து வருஷம்தான். மேடையை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். எங்கள் பக்கத்துக் கடப்பாக் கல் மேடைக்கு மூணு பர்னர் அடுப்பு நெருக்கடி. குக்கரும் தோசைக்கல்லும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடித்துக்கொள்ளும். பர்னருக்கும் பர்னருக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்ட ரெண்டு பர்னர் அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் மூணு பர்னரைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்.